ஆழத்துக்கு ஏற்ற எஞ்சின்

பழவேற்காட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு மீனவருக்குக் காசிமேட்டிலிருந்து தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் தன் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினை விற்கிறார். பழையதுதான், ஆனால் நன்றாக ஓடுகிறதாம். இவர் படகில் இப்போது இருப்பது 9.9 குதிரைத்திறன். இன்னும் ஐந்து குதிரை கூடினால் எவ்வளவு சீக்கிரம் வலைக்குப் போகலாம், எவ்வளவு சீக்கிரம் கரை திரும்பலாம் என்று மனம் அப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

அந்தக் கணக்கை இயற்பியல் வேறு விதமாகப் போடுகிறது. எஞ்சினின் வயதையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால், படகு ஓடப்போகும் தண்ணீரின் ஆழத்தைப் பார்க்கச் சொல்கிறது. பழவேற்காட்டில் இந்தக் கேள்விக்கு இருக்கும் முக்கியத்துவம் தமிழகக் கடற்கரையில் வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். ஏனென்றால் இங்கே ஒரே ஊரில் இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது.

ஏரியும் கடலும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அடங்குகிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காலங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. பழவேற்காட்டு ஊருக்கு அருகே உள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது.

இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கோடையில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. கழி ஊன்றியும் பாய் விரித்தும் படகு செலுத்தும் வழக்கம் இந்த ஏரியில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்த ஆழமின்மையும் ஒரு காரணம்.

ஏரியில் இறால், நண்டு, மடவை பிடிப்பவர்களின் தொழில் ஒரு வகை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. எந்த இடத்தில், எந்த முறையில் யார் சுத்து வலை கட்டலாம் என்பதை ஊர் தீர்மானிக்கிறது. இடம் முறைப்படி கிடைப்பதால், முந்திக்கொண்டு ஓடி இடம் பிடிக்க வேண்டிய அவசியம் அந்த வலைக்காரர்களுக்கு இல்லை. வேகத்தின் மதிப்பு அங்கே குறைவு.

கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம் போன்ற கடலோரக் குப்பங்களின் கதை வேறு. அவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். முகத்துவாரம் வழியாக வெளியேறும் படகுகள் அலையைத் தாண்டியாக வேண்டும். பிடித்த மீனை விலை இறங்குவதற்குள் கரைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஒரே எஞ்சின் ஒருவருக்கு வரமாகவும் மற்றவருக்கு வீண் செலவாகவும் முடிவது இந்த வித்தியாசத்தால்தான்.

மிரண்டு ஓடிய குதிரை

ஆழமில்லாத தண்ணீரில் படகுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் தெளிவாகக் கண்டவர் ஸ்காட்லாந்தின் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல். 1830களில் அங்கே கால்வாய்ப் படகுகளைக் கரையில் நடக்கும் குதிரைகள் இழுத்தன. 1834இல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், திடீரென நின்ற படகின் முன்னாலிருந்து ஒற்றை அலை ஒன்று பிரிந்து தனியாக உருண்டோடியதை அவர் பார்த்தார். குதிரையில் ஏறி அதைத் துரத்திக்கொண்டே போனார்.

அவர் பதிவு செய்த இன்னொரு நிகழ்ச்சி நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. கிளாஸ்கோ அருகே ஒரு கால்வாயில், ஹூஸ்டன் என்பவரின் படகை இழுத்துக்கொண்டிருந்த குதிரை மிரண்டு பாய்ந்தது. படகு தன் அலையின் முதுகிலேயே ஏறிக்கொண்டது. அதன் பிறகு இழுப்பதற்கு முன்பைவிடக் குறைந்த பலமே தேவைப்பட்டது. மெதுவாகப் போனாலும் எளிது, மிக வேகமாகப் போனாலும் எளிது, இடைப்பட்ட ஒரு வேகத்தில் மட்டும் தண்ணீர் சுவராக எழுந்து நிற்கிறது என்பது அதிலிருந்து புரிந்தது.

அந்தச் சுவர் எங்கே எழும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. ஆழமற்ற நீரில் ஓர் அலை எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதை ஆழம் மட்டுமே தீர்மானிக்கிறது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.81ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று விடை வரும். லக்ராஞ்சு 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த உறவு இது.

பழவேற்காட்டு ஏரிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆழத்தில் அலையின் உச்ச வேகம் வினாடிக்கு 3.13 மீட்டர், அதாவது மணிக்கு 11.3 கிலோமீட்டர். ஆழம் 60 சென்டிமீட்டராகக் குறைந்தால் 8.7 கிலோமீட்டர். படகின் வேகம் இந்த எல்லையை நெருங்க நெருங்க, அது எழுப்பும் அலைகள் விலகிப் போக முடியாமல் படகைச் சுற்றியே குவிகின்றன. பின்பக்கம் அமிழ்கிறது, அணியம் தூக்குகிறது, விசிறி சேற்றைக் கிளறுகிறது. எல்லையின் பத்தில் ஏழு பங்கை எட்டும்போதே, அதாவது ஒரு மீட்டர் நீரில் மணிக்கு 8 கிலோமீட்டரிலேயே, எதிர்ப்பு கூடத் தொடங்கிவிடும். அதற்கு மேல் த்ராட்டிலைத் திருகினால் பின்னால் எழும் அலைதான் பெரிதாகும்.

ஹூஸ்டனின் குதிரையைப் போல அந்தச் சுவரைத் தாண்டிவிட முடியாதா? முடியும், ஆனால் படகு இலேசாக இருக்க வேண்டும், எஞ்சின் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். படகு நீரின் மேல் ஏறிச் சறுக்குவதற்குத் தோராயமாக 25 முதல் 30 கிலோ எடைக்கு ஒரு குதிரைத்திறன் வேண்டும் என்பது படகு கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. படகு, வலை, ஆட்கள், ஐஸ், மீன் எல்லாம் சேர்ந்து ஒன்றரை டன் என்றால் 50 குதிரைத்திறனாவது தேவை. 9.9க்கும் 15க்கும் இடையே நடக்கும் பேரத்தில் அந்த உலகத்துக்கு இடமே இல்லை.

ஐந்து குதிரை வாங்கித் தருவது எவ்வளவு?

ஆழமான கடலில் இந்தச் சுவர் இல்லாமல் போய்விடுவதில்லை. அங்கே அதைப் படகின் நீளம் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் 1872இல் சோதனைத் தொட்டி அமைத்து, சிறிய மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூடு இதை அளந்து காட்டினார். நீரோடு ஒட்டி நிற்கும் நீளம் 7 மீட்டர் உள்ள படகுக்கு, தன் அலையில் தானே சிக்கிக்கொள்ளும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர்.

அந்த எல்லைக்குக் கீழேகூட, வேகத்தைக் கூட்டத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. திறனை ஒன்றரை மடங்காக்கினால் வேகம் ஒன்றரை மடங்காவதில்லை, 14 சதவீதம்தான் கூடும். மணிக்கு 10 கிலோமீட்டரில் போன படகு அதிகபட்சம் பதினொன்றரையை எட்டும். 10 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது, 52 நிமிடம் ஆகும். அதுவும் எல்லைச் சுவர் குறுக்கிடாத நல்ல நிலையில் கிடைக்கும் கணக்கு. நிஜத்தில் இன்னும் குறையும்.

அந்த எட்டு நிமிடத்துக்கு எரிபொருளில் என்ன விலை? இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு முழு த்ராட்டிலில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். 9.9க்கு மணிக்கு 5 லிட்டர், 15க்கு ஏழரை லிட்டர். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் கூடுதல் செலவு ஏழரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 750 ரூபாய். ஆண்டில் 200 நாள் தொழிலுக்குப் போகிறவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்.

எஞ்சினின் விலை ஒருமுறை கொடுப்பது. எரிபொருளின் விலை ஒவ்வொரு விடியற்காலையும் கொடுப்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் என்ற ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டத்தில் பணியாற்றிய நார்வேயின் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன் இதைத்தான் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தார். சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இல் ஓர் அறிக்கையும், 2012இல் ஒரு கையேடும் எழுதினார். அவர் முதலில் சொன்ன வழி வேகத்தைச் சற்றுக் குறைப்பது. அதற்கு ஒரு பைசா முதலீடு வேண்டாம்.

முகத்துவாரம் கேட்கும் பலம்

அப்படியென்றால் 15 குதிரைத்திறன் யாருக்குமே வேண்டாமா? முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்த்தால் பதில் மாறும்.

கடலலை ஆழமற்ற இடத்துக்கு வந்தால் உயர்ந்து உடைகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை எட்டும்போது அது சரியும். ஒரு மீட்டர் உயர அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் அந்த ஆழம் சரியாகப் படகு போகும் பாதையிலேயே இருக்கிறது.

உள்ளே வரும் படகோட்டி ஓர் அலையின் முதுகுப்பக்கம் தொற்றிக்கொண்டு, அதைத் தாண்டாமலும் பின்தங்காமலும் வர வேண்டும். தாண்டினால் அணியம் குத்தி மூழ்கும். பின்தங்கினால் அடுத்த அலை பின்பலகை மேல் விழும். அந்த அலையின் வேகம் எவ்வளவு? மேலே சொன்ன அதே சூத்திரம்தான். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மணிக்கு 13.8 கிலோமீட்டர், இரண்டு மீட்டரில் கிட்டத்தட்ட 16. சுமையோடு மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்ட முடியாத படகு, அலையின் முதுகில் நிற்க முடியாமல் பின்னால் நழுவும். அலையே படகைத் தள்ளிக் கொடுக்கிறது என்றாலும், கையில் கொஞ்சம் பலம் மிச்சமிருப்பது உயிர் காக்கும் விஷயம்.

ஆகவே ஏரிக்குள்ளேயே தொழில் செய்பவர் தன் 9.9ஐ நல்ல நிலையில் வைத்துக்கொள்வதே லாபம். கடலுக்குப் போகிறவருக்கு 15 தேவைப்படலாம். ஆனால் அது முகத்துவாரத்தின் சில நிமிடங்களுக்கான பலம். மற்ற நேரத்தில் த்ராட்டிலை இறக்கி ஓட்டினால், பெரிய எஞ்சின் வாங்கியும் எரிபொருள் கணக்கைக் கட்டுக்குள் வைக்கலாம்.

முகத்துவாரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், ஷாஃப்டின் நீளம். அவுட்போர்டுகள் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு நீளத்தில் வருகின்றன. விசிறிக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் தட்டு படகின் அடிப்பாகத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் அலையில் பின்பக்கம் தூக்கும்போது விசிறி காற்றை உறிஞ்சி வீணாகச் சுழலும். பலம் வேண்டிய அந்த நொடியில்தான் பலம் அறுந்துபோகும். நெடிதாக இருந்தால் ஏரியின் சேற்றில் உரசும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்தாத எஞ்சின் வேண்டாம்.

விசிறியில் ஒளிந்திருக்கும் குதிரைகள்

புதிய எஞ்சின் வாங்கும் முன் பழைய எஞ்சினின் விசிறியை மாற்றிப் பார்ப்பது மலிவான மேம்பாடு. இது பலருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

இந்த வகை எஞ்சின்கள் பெரும்பாலும் உல்லாசப் படகுகளை மனத்தில் வைத்து வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்டவை. யமஹாவின் இரண்டு ஸ்ட்ரோக் 15இல் கியர் விகிதம் 2.08. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் விசிறி 2,400 சுற்று சுற்றும். விசிறியின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேற வேண்டிய தூரம், 9 அங்குலம் என்றால், நழுவலே இல்லாத நிலையில் அது மணிக்கு 33 கிலோமீட்டர் முன்னேற வேண்டும். நம் படகு ஓடுவதோ 11 கிலோமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு நழுவல். அவ்வளவு திறனும் தண்ணீரைப் பின்னால் பீச்சியடிப்பதில் கரைகிறது.

கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம் என்பது உந்துவிசையின் அடிப்படை விதி. எனவே கனமான, மெதுவான படகுக்கு அகலமான, பிட்ச் குறைந்த, மெதுவாகச் சுழலும் விசிறி வேண்டும். யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக் 'ஹை த்ரஸ்ட்' 9.9 இதற்காகவே 2.92 என்ற கியர் விகிதத்தோடு வந்தது. பெரிய விசிறியோடு சுமைப் படகைத் தள்ளுவதில் அது குதிரைத்திறன் எண்ணை மட்டும் வைத்துப் போட்டியிடும் எஞ்சின்களைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. சாதாரண எஞ்சினிலும் 9 அங்குல பிட்சை 7 அங்குலமாக மாற்றினால் சுமை இழுக்கும் திறன் கண்கூடாகத் தெரியும்.

சரியான விசிறி எது என்பதை எஞ்சினே சொல்லும். 15 குதிரைத்திறன் யமஹாவுக்கு முழு த்ராட்டிலில் 4,500 முதல் 5,500 சுற்று வரை இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருக்கிறார். முழுச் சுமையோடு ஓடும்போது அது 4,000த்தைத் தாண்டவில்லை என்றால் பிட்ச் அதிகம். எஞ்சின் திணறுகிறது, கரி படிகிறது, சூடேறுகிறது. பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும்.

எந்த வகை எஞ்சின்?

விற்பனைக்கு வருவதெல்லாம் ஒரே வகை இல்லை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் மில்வாக்கி நகரில் அவுட்போர்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் தெற்குக் கடற்கரையில் அவை பரவியது 1980களில். கேரளத்தில் தொடங்கிய அலை கன்னியாகுமரி வழியாகத் தமிழகத்துக்கு வந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகளும் எஞ்சின்களும் குவிந்ததில், கட்டுமரத்திலிருந்து நேரடியாக எஞ்சின் படகுக்கு மாறிய குப்பங்கள் ஏராளம். பழைய எஞ்சின் சந்தை இங்கே இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் இலேசானது. 15 குதிரைத்திறன் சுமார் 40 கிலோதான், ஒருவர் தோளில் தூக்கிவிடலாம். பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் உள்ளே போகும் கலவையில் நான்கில் ஒரு பங்கு வரை எரியாமலே புகைவழியாக வெளியேறும். அது பணமாகவும் போகிறது, ஏரி நீரில் எண்ணெயாகவும் படிகிறது. நான்கு ஸ்ட்ரோக் மூன்றில் ஒரு பங்கு எரிபொருளை மிச்சப்படுத்தும். பத்துக் கிலோ கனம் கூடும், உள்ளே வால்வுகளும் தனி எண்ணெயும் உண்டு. எண்ணெயை நேரத்துக்கு மாற்றாத ஒருவரிடமிருந்து நான்கு ஸ்ட்ரோக்கை வாங்குவது ஆபத்து.

மண்ணெண்ணெய் எஞ்சின் பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். தமிழக அரசு நாட்டுப் படகுகளுக்கு மானிய விலையில் வழங்கும் மண்ணெண்ணெயின் அளவை 2023இல் ஆண்டுக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700ஆகவும், வரி விலக்கு அளித்த டீசலை 4,000 லிட்டரிலிருந்து 4,400ஆகவும் உயர்த்தியது. தன் படகுக்கு எந்த எரிபொருள் கிடைக்கிறது என்பதைப் பார்த்த பிறகே எஞ்சின் வகையைத் தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, லாங் டெயில். காற்றில் குளிரும் டீசல் எஞ்சின், நீண்ட தண்டு, நுனியில் விசிறி. தாய்லாந்தின் ஆறுகளில் புகழ்பெற்ற இந்த அமைப்பு தமிழகக் கடற்கரையிலும் வேரூன்றிவிட்டது. டீசல் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கால் லிட்டர்தான் குடிக்கும். ஏரி நீரை உறிஞ்சிக் குளிர வேண்டியதில்லை என்பதால் சேறு அடைக்கும் பயமில்லை. ஆழம் குறைந்தால் தண்டைச் சற்றுத் தூக்கிக்கொண்டு போகலாம். சத்தமும் அதிர்வும் அதிகம், அலையில் வளைத்துத் திருப்புவது சிரமம். ஏரிக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு எந்த அவுட்போர்டையும்விட இது பொருந்தும்.

பழைய எஞ்சினின் உடம்பைப் படிப்பது

முதலில் அடையாளம். அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 குதிரைத்திறனுக்கு மேல் அனுமதி இல்லை. அதற்காகவே 9.9 என்ற விசித்திரமான எண் பிறந்தது. யமஹாவின் இரண்டு ஸ்ட்ரோக் 9.9, 15 இரண்டுக்கும் ஒரே 246 சிசி பிளாக். கார்புரேட்டர் போன்ற சில பாகங்களில்தான் வேறுபாடு. ஆகவே மேல்மூடியில் ஒட்டியிருக்கும் '15' என்ற ஸ்டிக்கரை நம்பக் கூடாது. கிளாம்புப் பகுதியில் உள்ள தகட்டில் மாடலையும் எஞ்சின் எண்ணையும் படித்து, விற்பவரின் ரசீதோடும் படகுப் பதிவோடும் ஒப்பிட வேண்டும். மானியத்தில் வாங்கிய எஞ்சினா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவதும் நல்லது.

அடுத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், கிளம்ப மறுக்கும் குணம் மறைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கலாம். வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். ஈரமான கருப்பு என்றால் எண்ணெய் அதிகம் அல்லது எரிதல் சரியில்லை. வெள்ளையாக வெளிறியிருந்தால் எஞ்சின் சூடேறி ஓடியிருக்கிறது. நுனியில் அலுமினியத் துகள் மின்னினால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது, அங்கேயே பேரத்தை நிறுத்தலாம்.

பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, த்ராட்டிலை முழுவதும் திறந்து, முள் நிற்கும்வரை கயிற்றை நாலைந்து முறை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கேஜ் காட்டும் எண்ணைவிட இந்தச் சமநிலையே முக்கியம். மண்ணெண்ணெய் எஞ்சினில் அளவு குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காமல் முன்கூட்டியே வெடித்துத் தட்டும் என்பதால், அந்த எஞ்சின்களை வடிவமைக்கும்போதே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

கீழே, கியர் பெட்டியின் அடித் திருகைத் தளர்த்தி நாலு சொட்டு எண்ணெய் எடுக்க வேண்டும். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் தூள் மின்னினால் பல் தேய்கிறது. விசிறியைக் கையால் சுற்றி, தண்டு நெளிந்திருக்கிறதா என்று நுனியைக் கவனிக்கலாம். ஏரியின் மணல் திட்டில் இடித்த எஞ்சின் இங்கே காட்டிக்கொடுக்கும்.

பிறகு தண்ணீர் நிரம்பிய டிரம்மில் கட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால் உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். பின்னால் பீச்சும் தண்ணீர் தாரை தடையில்லாமல் வர வேண்டும். மெலிதாகச் சொட்டினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது உப்பு படிந்து குளிரூட்டும் வழிகள் அடைத்திருக்கலாம். முதலாவது மலிவான வேலை, இரண்டாவது தலைப்பகுதியையே கழற்ற வேண்டிய வேலை.

உப்பு பற்றிப் பழவேற்காட்டுக்கென்று ஒரு தனிக் குறிப்பு உண்டு. மழைக்காலத்தில் ஏரி நீர் நன்னீரை நெருங்கும், கோடையில் சில பகுதிகளில் கடலைவிட உப்பு ஏறும். எஞ்சினின் அலுமினிய உடம்பு அரிக்கப்படாமல் இருக்கத் தன்னைத் தியாகம் செய்துகொள்ளும் அனோடுகள் பொருத்தப்பட்டிருக்கும். கடலில் துத்தநாக அனோடு நன்றாக வேலை செய்யும். உப்பு குறைந்த நீரில் அதன் மேல் ஓடு கட்டி வேலை நின்றுவிடும். உவர்நீருக்கு அலுமினிய அனோடே ஏற்றது. வாங்கும் எஞ்சினின் அனோடு பாதி கரைந்திருந்தால் அது உழைத்திருக்கிறது, நம்பலாம். புத்தம் புதிதாக, அதுவும் பெயின்ட் பூசி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பெயின்ட் அடித்த அனோடு காவல் காக்காது. ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும் பத்து நிமிடம் நன்னீரில் ஓட்டிக் கழுவுவது எஞ்சினின் ஆயுளைப் பல ஆண்டு நீட்டும்.

சுமையோடு ஒரு சோதனை ஓட்டம்

கரையில் எல்லாம் சரியாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் தன் படகிலேயே கட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. காலிப் படகு எந்த எஞ்சினிலும் பறக்கும். வலை, ஆட்கள், ஐஸுக்கு ஈடான சுமை எல்லாம் ஏற்றியபின் ஓட்ட வேண்டும். செல்போனின் ஜிபிஎஸ் வேகத்தைச் சொல்லும். ஏற்றவற்றத்தின் ஓட்டம் கணக்கைக் கலைக்காமல் இருக்கப் போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அளவு பார்த்து ஊற்றிய எரிபொருள் எவ்வளவு குறைந்தது என்பதையும் குறித்தால், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்ற விடை கையில் கிடைக்கும். பழைய எஞ்சினையும் அதே பாதையில், அதே சுமையோடு அளந்து பக்கத்தில் வைத்தால் வாங்கலாமா வேண்டாமா என்பதில் சந்தேகம் இருக்காது.

இந்த விடை எல்லாக் காலத்துக்கும் ஒன்றாகவே இருக்கப்போவதில்லை. மணல் மூடும் முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைப்பதற்காக இருபுறமும் நிரந்தர நேர்கல் சுவர்கள் கட்டும் திட்டத்தைத் தமிழக அரசு கையிலெடுத்தது. வழி மூன்று மீட்டர் ஆழத்தில் நிலைத்தால், ஒரு மீட்டர் அலை அங்கே உடையாது, உருண்டுதான் போகும். சுமைப் படகு அதன் முதுகைத் துரத்த வேண்டிய தேவையும் குறையும். கடலுக்குப் போகிறவருக்கும் அப்போது 9.9 போதுமானதாகிவிடலாம். மேடு மறுபடி வளர்ந்தால் 15க்கான தேவையும் அதோடு வளரும். ஆகவே எஞ்சின் வாங்கப் புறப்படும் முன், நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்திலும் வலை கட்டும் இடத்திலும் ஒரு கழியை ஊன்றி ஆழத்தை அளந்து எழுதிக்கொள்வது நல்லது. மேலே சொன்ன கணக்குகள் எல்லாவற்றையும் அந்த ஓர் அளவிலிருந்தே தொடங்கலாம்.